பொறுக்குதல், சேர்த்தல், கழித்தல்

துகள் பௌதிகம் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிறவை பெரும்பாலும் கண்டுபிடிப்பின் கதைகள். ஒரு துகள் இருக்கும் என்று ஒருவர் காகிதத்தில் எழுதுகிறார், பிறகு பெரிய இயந்திரம் ஒன்றில் பலர் அதைக் கண்டுபிடிக்கிறார்கள், பரிசு கிடைக்கிறது. எழுதியதற்கும் கண்டதற்கும் நடுவில் நடந்த வேலை என்ன என்பது கதையில் வருவதில்லை. அந்த நடுவேலையின் சரித்திரத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அதற்கு அழகான பெயர் கிடையாது. பொறுக்குவது, பொறுக்கியவற்றைச் சேர்த்துப் பார்ப்பது, பொருந்தாததைக் கழிப்பது, இவ்வளவுதான். இன்று இதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எழுபது எண்பது வருஷங்களுக்கு முன்பு மனிதக் கண் செய்தது. வேலை கண்ணிடமிருந்து புரோகிராமுக்குக் கைமாறியபோது எது தெளிவாயிற்று, எது மறைந்துபோயிற்று என்பது என் கேள்வி.

எழுதுவது அக்காள்மடத்திலிருந்து. பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் இருக்கிற கடற்கரை ஊர். பொறுக்குதல் என்ற சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். இழுவைமடியில் வந்ததைக் கொட்டினால் இறால் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம் என்று பிரிகிறது. எந்தப் பக்கத்துக்கும் போகாத பொடி மீனும் குஞ்சும் சேர்ந்து சங்காயம் ஆகிறது. காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். சங்காயம் என்று ஒரு மீன் கடலில் கிடையாது. 'இது வேண்டாம்' என்று ஒருவர் முடிவெடுத்த பிறகுதான் அப்படி ஒன்று உண்டாகிறது. அந்த முடிவுக்குப் பின்னால் மார்க்கெட் விலை இருக்கிறது. பௌதிகத்தில் அந்த முடிவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் பிரச்னை. சுவாரஸ்யமான துகள்களில் பல, பிறந்த கணத்திலேயே சிதைந்துவிடுகின்றன. கருவி வரை வந்துசேர்வது அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்: எலெக்ட்ரான், மியூஆன், பை-மேசான், கே-மேசான், புரோட்டான், ஒளித்துகள். இவற்றின் உந்தத்தையும் சக்தியையும் அளக்கலாம். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளாகச் சிதைந்திருந்தால், பிள்ளைகளின் சக்திகளைக் கூட்ட வேண்டும். உந்தங்களைத் திசையோடு கூட்ட வேண்டும். ஒளியின் வேகத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு, மொத்தச் சக்தியின் வர்க்கத்திலிருந்து மொத்த உந்தத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் தாயின் நிறை வந்துவிடும். தாய் நின்றிருந்தாலும் ஓடியிருந்தாலும் விடை மாறாது. சார்பியல் தத்துவம் தந்த சௌகரியம் இது.

கணக்கு சுலபம். எந்த இரண்டைக் கூட்டுவது என்பதுதான் கஷ்டம். ஒரு மோதலில் 10 தடங்கள் என்று வைத்துக்கொள்வோம்; 5 நேர் மின்னேற்றம், 5 எதிர். நேருக்கு எதிராகச் சேர்த்தால் 25 ஜோடிகள். அவற்றில் ஒன்று நிஜமான தாயைக் காட்டலாம். மற்ற 24 ஜோடிகளும் சம்பந்தமில்லாத பிள்ளைகளைப் பிடித்து அண்ணன் தங்கை என்று சொல்வதற்குச் சமம். ஒரு கே-மேசானும் இரண்டு பை-மேசான்களுமாகச் சிதைகிற டி-மேசானைத் தேடினால், ஓர் எதிர்த் தடத்தோடு இரண்டு நேர்த் தடங்களைச் சேர்க்க வேண்டும், 50 விதங்கள். தடங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் விதங்கள் லட்சக்கணக்கில் போகும். ஒவ்வொரு சேர்க்கையும் ஏதோ ஒரு நிறையைக் கொடுத்தே தீரும். 'எனக்குத் தாய் இல்லை' என்று எந்த ஜோடியும் சொல்லாது. இந்தத் துறையின் முழுச் சங்கடமும் இதில் இருக்கிறது. எதை எதோடு சேர்த்தாலும் எதையாவது தரும்.

ஆரம்பத்தில் இந்தச் சங்கடம் பெரிதாகத் தெரியவில்லை. தடங்களே குறைவு. 1940களில் பிரிஸ்டலில் செசில் பவலின் குழு, மலையுச்சிகளில் வைத்தெடுத்த போட்டோ தகடுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தது. ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பை-மேசான் நின்று மியூஆனாகச் சிதைகிற முதல் தடத்தை 1947இல் கண்டவர் மரியட்டா குர்ஸ். அந்தக் குழு அச்சிட்ட படங்களின் கீழே, அதைக் கண்ட பெண்ணின் பெயரையும் போடுகிற வழக்கம் இருந்தது. நம் நாட்டில் டி. எம். போஸும் பிபா சௌதுரியும் அதற்கு முன்பே டார்ஜீலிங் பக்கத்து மலைகளில் தகடுகளை வைத்தார்கள். தடத்தின் மணிகளை எண்ணி, எலெக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகள் என்று யுத்தகாலத்தில் எழுதினார்கள். மேலான தகடுகள் அப்போது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேலை அங்கே நின்றது. பொறுக்குகிறவரின் திறமை மட்டும் போதாது, எதில் பொறுக்குகிறோம் என்பதும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1953இல் ரிச்சர்ட் டாலிட்ஸ் ஒரு யுக்தி செய்தார். மூன்று பை-மேசான்களாகச் சிதைகிற துகளுக்கு அப்போது 'டௌ' என்று பெயர். கிடைத்த ஒவ்வொரு சிதைவையும், மூன்று பிள்ளைகளும் சக்தியை எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்பதை வைத்து, ஒரு படத்தில் ஒரே ஒரு புள்ளியாக்கினார். புள்ளிகள் எங்கே கூடுகின்றன, எங்கே வராமலிருக்கின்றன என்பதிலிருந்து தாயின் குணம் தெரிந்தது. இரண்டு பை-மேசான்களாகச் சிதைகிற 'தீட்டா' என்ற இன்னொன்றும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே நிறை, ஒரே ஆயுள். ஆனால் குணம் வேறு. இரண்டு பட்டியல்களுக்கும் தாய் ஒருத்திதான் என்று ஒப்புக்கொள்ள, இடவல சமச்சீர் என்ற நம்பிக்கையையே கைவிட வேண்டியிருந்தது. லீயும் யாங்கும் 1956இல் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 1957இல் பரிசோதனை அவர்கள் பக்கம் பேசியது. சேர்த்துப் பார்ப்பது வெறும் குமாஸ்தா வேலையில்லை என்பதை இந்தச் சம்பவம் ஸ்தாபித்துவிட்டது.

பிறகு குமிழ்க் கூடங்கள் வந்தன. பெர்க்லியில் லூயி ஆல்வரெஸின் 72 அங்குலக் கூடம் 1959இல் ஓடத் தொடங்கியது. படங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. மேஜைமேல் விழுகிற பிம்பத்தில் தடத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கிற வேலைக்கு மறுபடியும் பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் அளந்த எண்கள் கம்ப்யூட்டருக்குப் போயின. பாங் என்றொரு புரோகிராம் எண்களிலிருந்து தடத்தை முப்பரிமாணத்தில் கட்டியது. கிக் என்ற இன்னொன்று, 'இது இன்ன சிதைவு என்று வைத்துக்கொண்டால் சக்தியும் உந்தமும் கணக்குத் தீருமா' என்று சோதித்தது. இன்று துகள்களைப் பொறுக்கிச் சேர்க்கிற எல்லா மென்பொருளுக்கும் பாட்டன் பாட்டிகள் இவை. பிரிஸ்டலில் படத்தின் கீழே இருந்த பெண்ணின் பெயர், இந்தக் குவியலில் இடமில்லாமல் போயிற்று.

இந்த வேலையின் உச்சம் என்று 1964இல் புரூக்ஹேவனில் கிடைத்த ஒமேகா-மைனஸைச் சொல்லலாம். கெல்-மான் 1962இலேயே இருக்கும் என்று சொன்ன துகள். ஏறத்தாழ ஒரு லட்சம் படங்களைப் பார்த்த பிறகு ஒரு படம் அகப்பட்டது. அதில் தாய், பிள்ளை, பேரப்பிள்ளை என்று மூன்று தலைமுறை. நடுவில் இருந்த துகள்களுக்கு மின்னேற்றமில்லை, தடமும் இல்லை. ஒரு புரோட்டானையும் ஒரு பை-மேசானையும் சேர்த்து லாம்டா என்று கண்டார்கள். விலகிக் கிடந்த இரண்டு எலெக்ட்ரான் ஜோடிகளை இரண்டு ஒளித்துகளாக்கி, அவற்றைச் சேர்த்து மின்னேற்றமில்லாத பை-மேசான் என்று கண்டார்கள். லாம்டாவையும் அதையும் சேர்த்து ஸை என்றும், ஸையோடு இன்னொரு பை-மேசானைச் சேர்த்து ஒமேகா என்றும் மேலே ஏறினார்கள். வெற்றிடங்களின் வழியாகக் கோக்கப்பட்ட வம்சாவளி அது. இன்றைய புரோகிராம்களும் இதே படிகளில்தான் ஏறுகின்றன.

அந்த வருஷங்களிலேயே எதிர்க்குரலும் பெர்க்லியிலிருந்து வந்தது. நிறைகளைப் பட்டை வரைபடமாகப் போட்டால் எங்காவது ஒரு மேடு தெரியும். மேட்டைப் புதிய துகள் என்று எழுத எல்லோருக்கும் ஆசை. ஜெரால்ட் லிஞ்ச் ஒரு புரோகிராம் எழுதினார். மேட்டோடு வருகிறவரிடம், மேடே இல்லாத வழவழப்பான வளைவிலிருந்து தற்செயலாக உண்டாக்கிய நூறு வரைபடங்களை அது அச்சிட்டுக் கொடுக்கும். அவற்றில் சிலவற்றில் இவருடையதைவிட அழகான மேடு இருக்கும். ஆர்தர் ரோசன்ஃபெல்ட் 1968இல் இதை எழுதி, வருஷத்துக்கு எத்தனை வரைபடங்களை நாம் எல்லோருமாகப் பார்க்கிறோம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். விமர்சனம் என்று நான் இதைத்தான் சொல்வேன். ஒருவர் தன் கண்ணின் ஆசையையும் கணக்கில் எழுதிக் கழிக்கிறார்.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். ரோமன் யாக்கப்சன் 1958இல் ஒரு கருத்தரங்கில் பேசி 1960இல் அச்சான கட்டுரையில், மொழியின் வேலையே தேர்வும் இணைப்பும் என்ற இரண்டு அச்சுகளில் நடக்கிறது என்றார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? அடிகளை எண்ணினார்கள். 4 முதல் 8 அடி குறுந்தொகை, 9 முதல் 12 நற்றிணை, 13 முதல் 31 அகநானூறு. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை, 2, 8 குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். இது அப்பட்டமான வெட்டெல்லை. கவிதையின் உள்ளே போகாமல் வெளியே நின்று போட்ட விதி. குறுந்தொகையில் இரண்டு பாட்டுகள் 9 அடியில் நிற்கின்றன. எல்லையில் எப்போதும் ஒன்றிரண்டு இப்படி நின்றுவிடும். தொகைக்குள் வராத பாட்டுகள் எத்தனை, எப்படிப்பட்டவை என்பதற்குத் தொகுத்தவர்கள் குறிப்பு வைக்கவில்லை. இருக்கிறதை வைத்துத்தான் சங்க வாழ்வு என்று நாம் ஒன்றைக் கட்டி எழுப்பியிருக்கிறோம். கழிக்கப்பட்டது தெரியாமல் கட்டியது அது என்பது நமக்கு அடிக்கடி மறந்துபோகிறது.

இனி, தமிழர்கள் தோண்டிய ஒரு சுரங்கத்துக்கு வருகிறேன். கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் அதில் இறங்கிய தொழிலாளிகளில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற ஜில்லாக்களிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1950களிலிருந்தே அங்கே இறங்கி விண்கதிர்களை அளந்தார்கள். காரணம் எளிது. மேலே இருந்தால் விண்ணிலிருந்து மியூஆன்கள் மழையாகக் கொட்டுகின்றன. கீழே போகப் போகப் பாறை அவற்றை நிறுத்திவிடுகிறது. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மேலிருந்து வருவது அநேகமாக ஓய்ந்த பிறகு, பக்கவாட்டில் ஒரு மியூஆன் வந்தால் அது பக்கத்துப் பாறையில் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்ததாக இருக்க வேண்டும். இங்கே முதல் பொறுக்கி பாறை. மிச்ச வேலையை ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளும், நியான் அடைத்த கண்ணாடிக் குழாய்களும், காமிராவும் செய்தன. டாட்டா நிலையம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய அந்தப் பரிசோதனையின் முடிவு 1965 ஆகஸ்டில் அச்சாயிற்று. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பற்றி முதலில் அச்சான செய்தி அது. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் ரைன்ஸின் குழு கண்டது இரண்டு வாரம் கழித்து வெளிவந்தது. அவர்கள் முதல் பதிவை எடுத்தது பிப்ரவரியிலேயே. யார் முதல் என்ற சண்டையில் எனக்குச் சிரத்தையில்லை.

எனக்குச் சிரத்தை 1975இல் நடந்ததில். அதே கோலார் குழு, கிருஷ்ணசுவாமி, மேனன், நரசிம்மம் முதலியோர், சில விசித்திரமான பதிவுகளை வெளியிட்டார்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தடங்கள். பின்னோக்கி நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. சந்திக்கும் இடம் பாறைக்குள் இல்லை. பாறைச் சுவருக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள காற்றில். காற்றில் நியூட்ரினோ மோதுவது அபூர்வத்திலும் அபூர்வம். அப்படியானால் பாறையில் பிறந்த ஏதோ ஒரு கனமான துகள் சிறிது தூரம் காற்றில் வந்து சிதைந்திருக்க வேண்டும். புதிய துகள்! முடுக்கிகளில் தேடினார்கள், கிடைக்கவில்லை. தடத்தின் திசையில் சிறு பிழை இருந்தால் சந்திக்கும் புள்ளி சுவருக்குள் போய்விடுமே என்ற கேள்வி எழுந்தது. பதிவுகளோ ஒரு கைக்குள் அடங்குகிறவை. பிரபஞ்சத்தில் ஒரு புதிய பொருள் உண்டா இல்லையா என்பது, மூன்று கோடுகள் சுவருக்கு இந்தப் பக்கம் சேர்கின்றனவா அந்தப் பக்கமா என்பதில் வந்து நின்றது.

1980 இறுதியில் அதே சுரங்கத்தில் 140 டன் இரும்பும் கருவியுமாக இன்னொரு தேடல். இம்முறை புரோட்டான் சிதைகிறதா என்று. சிதைந்த துண்டுகளைச் சேர்த்தால் புரோட்டானின் நிறை திரும்பி வர வேண்டும்; நியூட்ரினோ மோதலும் சில சமயம் அதே மாதிரி வேஷம் போடும். சிதைவாக இருக்கக்கூடிய சில பதிவுகளைக் கோலார் குழு அறிவித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இன்னும் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் அதை ஆமோதிக்கவில்லை. இதுவரை எங்கும் புரோட்டான் சிதைவு உறுதிப்படவில்லை. ஆனால் ஜப்பானில் ஒன்று நடந்தது. புரோட்டான் தேடலில் இடைஞ்சல் என்று கழிக்கப்பட்ட வளிமண்டல நியூட்ரினோக்களை அங்கே எண்ணிப் பார்த்தார்கள், எண்ணிக்கை குறைந்தது. அந்தக் குறைவின் மேல் விடாப்பிடியாக நின்றதால்தான் நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன, அவற்றுக்கு நிறை உண்டு என்ற முடிவு 1998இல் சூப்பர் காமியோகண்டேயில் வந்தது; 2015இல் நோபல் பரிசும் வந்தது. சங்காயம்தான் அன்றைய மீன்பாடாக ஆனது. தூக்கி எறியாமல் எண்ணி வைத்திருந்ததால் ஆனது.

கண் போய்ப் புரோகிராம் முழுதாக வந்த காலத்துக்கு வருவோம். ஜப்பானின் த்ஸுகுபாவில் பெல் பரிசோதனை 1999 முதல் 2010 வரை நடந்தது. பெல்-2 அதன் வாரிசு. சென்னை ஐ.ஐ.டி. இரண்டிலும் பங்கு கொண்டது. அங்கே ஆராய்ச்சி மாணவர் எழுதுகிற புரோகிராமின் முதல் வரிகள் பட்டியல்கள்தான். பை-மேசான் என்று நம்பத்தக்க தடங்களை ஒரு பட்டியலில் போடு, கே-மேசான் போன்றவற்றை இன்னொன்றில், ஒளித்துகள்களை மூன்றாவதில். பிறகு ஒரு அம்புக்குறியிட்டு எழுதிய சிதைவு வாக்கியம்: இன்ன தாய், இன்ன பிள்ளைகள். புரோகிராம் எல்லாச் சேர்க்கைகளையும் தானே உண்டாக்கும். ஒரே தடம் ஒரு சேர்க்கையில் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொள்ளும். மின்னேற்றத்தைத் திருப்பிப் போட்ட எதிர்த்துகள் சிதைவையும் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும். பிறகு நிறைக்கு ஒரு எல்லை, தடங்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றனவா என்று ஒரு சோதனை, மிஞ்சியவற்றில் சிறந்ததொன்றை மட்டும் வைத்துக்கொள் என்று ஒரு கட்டளை. அப்படிச் சேர்த்த தாயை அடுத்த படியில் பிள்ளையாக்கலாம். 2003இல் பெல் குழு இந்த வழியில் ஏறித்தான் எக்ஸ்-3872 என்ற எதிர்பாராத துகளைக் கண்டது. மேட்டில் இருந்தவை சுமார் 36 நிகழ்ச்சிகள். அதற்குள் என்ன இருக்கிறது என்பதில் இன்னும் அபிப்பிராய பேதம் தீரவில்லை.

அக்காள்மடத்தில் இருந்துகொண்டு இதைக் கேள்விப்பட்டது என்ற அளவில் விட வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் 2014 நவம்பர் முதல் தன் மோதல் பதிவுகளில் ஒரு பகுதியை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. சி.எம்.எஸ். கருவியின் 2012ஆம் வருஷப் பதிவுகளில் 6 கோடிக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் உள்ள ஒரு தொகுப்பை இறக்கி, எதிரெதிர் மின்னேற்றமுள்ள இரண்டிரண்டு மியூஆன்களை என் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். எழுதியது இருபது வரிகூட இருக்காது. 3.1 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்மையான மேடு எழுந்தது; 1974 நவம்பரில் ரிக்டரும் டிங்கும் தனித்தனியே கண்டு உலகத்தை உலுக்கிய ஜே-ஸை. 9.5இல் உப்ஸிலான். 91இல் அகலமாக இஸட். பிறகு ஒரே மின்னேற்றமுள்ள ஜோடிகளைச் சேர்த்தேன். அப்படிச் சிதைகிற தாய் ஒருத்தியும் இந்த நிறைகளில் கிடையாது. மேடுகள் கரைந்தன, வழவழவென்று ஒரு சரிவு மிஞ்சியது. தற்செயலுக்கும் ஒரு உருவம் இருக்கிறது, அதைத் தனியே வரைந்து பார்க்க முடியும் என்பது எனக்கு மேடுகளைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது. ஒரு மோதலின் தடத்தோடு வேறொரு மோதலின் தடத்தைச் சேர்ப்பதும் இதே யுக்திதான். ஒருபோதும் உடன்பிறந்திருக்க முடியாதவர்களைச் சேர்த்து, பொய் எப்படித் தோற்றமளிக்கும் என்று முதலில் தெரிந்துகொள்வது.

இந்த யுக்திகள் இருந்தும் பொய் வந்துகொண்டிருந்தது. 2003இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8இல் ஐந்து குவார்க்குகளால் ஆன தீட்டா-ப்ளஸ் என்ற துகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். உடனே பல ஆய்வுக்கூடங்கள் பழைய பதிவுகளைப் புரட்டி அதே நிறைக்குப் பக்கத்தில் மேடு கண்டன. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு வெட்டெல்லைகளைக் கொஞ்சம் நகர்த்தினால் மேடு உயரும். 2005இல் அமெரிக்காவில் கிளாஸ் குழு பல மடங்கு பதிவுகளோடு பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லையைப் போட்டது பார்த்த பிறகா, பார்ப்பதற்கு முன்பா என்பதுதான் வித்தியாசம். ஆகவே இன்று பல குழுக்கள் விடை இருக்கும் பகுதியைத் தாங்களே மூடிவைத்துவிட்டு, எல்லா விதிகளையும் எழுதி உறைந்துபோகச் செய்த பிறகுதான் திறக்கின்றன. பிரிஸ்டல் பெண்ணின் கண் எப்படி முடிவெடுத்தது என்று அவரிடம்கூடக் கேட்டிருக்க முடியாது. புரோகிராமின் விதியை எவரும் படிக்கலாம், வேறு எல்லை போட்டு ஓட்டியும் பார்க்கலாம். கைமாறியதில் தெளிவானது இது.

மறைந்ததும் ஒன்று உண்டு. ஜெனீவாவின் பெரிய மோதியில் நொடிக்கு 4 கோடி முறை வரை புரோட்டான் கற்றைகள் குறுக்கிடுகின்றன. 2015 முதல் 2018 வரையிலான ஓட்டத்தில் சி.எம்.எஸ். பதிவில் தங்கியவை நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம். மற்றவை எழுதப்படவே இல்லை. எல்.எச்.சி.பி. கருவியில் 2015 முதல் ஒரு படி மேலே போனார்கள். பொறுக்கிச் சேர்க்கும் புரோகிராம் மோதல் நடக்கும்போதே ஓடுகிறது. பல பதிவுகளில் தேடிய தாயையும் பிள்ளைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, அதே மோதலின் மற்றத் தடங்களை விட்டுவிடுகிறது. 2022 முதல் அங்கே முதல் சல்லடையும் முழுக்க மென்பொருள்தான். வேறு வழியில்லை, அவ்வளவையும் வைக்க இடமில்லை. ஆனால் இந்தச் சங்காயம் கரைக்கு வரவே வராது. நாளைக்கு ஒருவர் வேறொரு கேள்வியோடு வந்தால் கிளறிப் பார்க்கக் குவியல் இல்லை.

விஞ்ஞானிகள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெட்டெல்லைக்கும், நிஜமானவற்றில் நூற்றுக்கு எத்தனை இதனால் தொலைந்தன என்று கணக்கிட்டு, கடைசி எண்ணைத் திருத்துகிறார்கள். தொலைந்ததற்கும் கணக்கு எழுதுவது ஒரு ஒழுக்கம். இந்தத் தீவில் வசிக்கிற எவருக்கும் அதன் அருமை தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டது. அதில் இறந்தவர்கள் 115 என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்ததால் 200 வரை இருக்கும் என்றும் சொல்வார்கள். டிக்கெட் ஒரு வெட்டெல்லை. அதற்கு வெளியே இருந்தவர்களைத் திருத்திச் சேர்க்க யாரிடமும் கணக்கு இல்லை. அந்தப் புயலுக்குச் சில மாதங்களில்தான் கோலாரில் முதல் நியூட்ரினோ பதிவாயிற்று. ஒரு துகளுக்குக் காட்டிய சிரத்தை என்று இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அந்தச் சிரத்தை எங்கே கற்றுக்கொள்ளப்பட்டாலும் நல்லது என்று சொல்கிறேன்.

கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. பரிசோதனைகள் அதற்குச் சில வருஷங்கள் முன்பே நின்றுவிட்டன. தேனி மாவட்டத்தில் பொட்டிபுரம் அருகே மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பிலும் வழக்குகளிலும் அது நின்றுபோயிற்று. ஆனால் அந்த 1975ஆம் வருஷத்துப் பதிவுகள் தொலையவில்லை. சென்னை கணித அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2014இல் அச்சான ஒரு கட்டுரையில் அவற்றை மறுபடி எடுத்தார்கள். காற்றில் சிதைந்தது, பிரபஞ்சத்தில் பெரும்பங்காக இருக்கிற இருண்ட பொருளின் துகளாக இருக்கலாமா என்று கேட்டார்கள். ராஜசேகரன் 1975இலேயே அந்தப் பதிவுகளைப் பற்றி எழுதியவர்; 2023இல் காலமானார். விடை தெரியாது. தற்செயலாகக்கூட இருக்கலாம். மூன்று கோடுகள் சுவருக்கு எந்தப் பக்கம் கூடின என்பதை இனி யாரும் அந்த ஆழத்துக்கு இறங்கிப் பார்க்கப்போவதில்லை. கூடின இடத்தை அவர்கள் எழுதி வைத்தார்கள். பொருந்தவில்லை என்பதற்காகக் கழிக்கவில்லை. முப்பத்தொன்பது வருஷம் கழித்து ஒருவர் அதே கேள்வியைக் கேட்க முடிந்தது அதனால்தான்.